63 சொல்லாத காரணம்: கோவேறு கழுதையும் கலப்பினங்களின் மலடும்

1984-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், சாம்பியன் என்ற சிற்றூரில், ஒரு பெண் கோவேறு கழுதை ஆண் குட்டி ஈன்றது. தாயின் பெயர் க்ராஸ். குட்டிக்கு ப்ளூ மூன் என்று பெயர் வைத்தார்கள். செய்தி வெளியே போனபோது விலங்கியல் அறிந்தவர்கள் உடனே நம்பிவிடவில்லை. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. பெண் கோவேறு கழுதைக்குத் தாய்மை உணர்ச்சி மிகுதி. பக்கத்தில் ஒரு குதிரை ஈன்றிருந்தால், அந்தக் குட்டியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, ஈன்ற குதிரையையே கிட்ட வரவிடாமல் விரட்டும். சிலவற்றுக்கு மடியில் பாலும் சுரக்கும். காலையில் கொட்டிலுக்குப் போகிறவர் பார்ப்பதெல்லாம், கோவேறு கழுதையின் மடியை முட்டிக் குடிக்கும் ஒரு குட்டியைத்தான். ஊரெல்லாம் பேசப்பட்ட அதிசயப் பிறப்புகளில் பல இப்படித் தூக்கி வந்த குட்டிகளாக இருந்திருக்கக்கூடும்.

சான் டியாகோ விலங்குக் காட்சிசாலையின் மரபியலாளர் ஆலிவர் ரைடரும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்தார்கள். குட்டியின் செல்களில் 63 குரோமோசோம்கள் இருந்தன. சாதாரணக் கோவேறு கழுதைக்கும் 63தான். ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது; ஆண் கழுதைக்கும் பெட்டைக் குதிரைக்கும் வழக்கமாகப் பிறந்த குட்டியும் இதே கணக்கைத்தான் காட்டும். குட்டியின் உடலில் குதிரையிடமிருந்து வந்த பாதி எதுவோ, அது க்ராஸின் உடலிலும் இருக்கிறதா, கழுதையிடமிருந்து வந்த பாதி அந்தப் பண்ணையின் ஆண் கழுதையோடு ஒத்துப்போகிறதா என்று ரத்தத்தில் உள்ள மரபுக் குறிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டும் பொருந்தின. 1985-இல் முடிவு ஆய்விதழில் வெளியானது. 1987-இல் க்ராஸ் இன்னொரு குட்டியையும் ஈன்றது. கோவேறு கழுதை ஈனவே ஈனாது என்ற பொதுவிதி, ஆய்வகச் சான்றோடு ஒரே கொட்டிலில் இரண்டு முறை உடைந்தது.

நம்ப மறுத்த மனம் மிகப் பழையது. ஐதரேய பிராமணத்தில் ஒரு கதை உண்டு. தேவர்களின் தேர்ப் பந்தயத்தில் அக்கினி கோவேறு கழுதைகள் பூட்டிய தேரில் போட்டியிட்டான். அவன் விரட்டிய விரட்டலில் அவற்றின் கருப்பை எரிந்துபோயிற்று. அதனால்தான் அவை சினைப்படுவதில்லை என்று அந்நூல் காரணம் சொல்கிறது. பௌத்த நூல்கள் வேறொன்றைச் சொல்கின்றன. தேவதத்தனுக்கு வந்த புகழே அவனை அழிக்கும் என்று புத்தர் கூறும் இடத்தில், குலை தள்ளி அழியும் வாழையோடும் மூங்கிலோடும் சேர்த்து, சினைப்பட்டுச் சாகும் கோவேறு கழுதையும் உவமையாக வருகிறது. மகாபாரதத்திலும் இந்த உவமை உண்டு. சினைப்படவே படாது என்பது ஒரு கூற்று, சினைப்பட்டால் சாகும் என்பது வேறு கூற்று. இரண்டாவதைச் சொன்னவர்கள் எங்கோ ஒரு சினைக் கோவேறு கழுதையைக் கண்டோ கேட்டோ இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சாகும் என்பது மட்டும் தவறு. க்ராஸ் முதல் ஈற்றுக்குப் பிறகும் வாழ்ந்து மறுபடி ஈன்றது.

மேற்கே கோவேறு கழுதை ஈனுவது ராஜ்ய மாற்றத்தின் சகுனம். பாபிலோனைப் பாரசீக மன்னன் டேரியஸ் முற்றுகையிட்டிருந்தபோது, கோவேறு கழுதை குட்டி போடும் அன்றுதான் உங்களால் நகரத்தைப் பிடிக்க முடியும் என்று மதில்மேல் நின்று ஒருவன் ஏளனம் செய்தானாம். முற்றுகையின் இருபதாம் மாதத்தில் சோபிரஸ் என்ற தளபதியின் சொந்தக் கோவேறு கழுதையே ஈன்றது, நகரமும் வீழ்ந்தது என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ரோமில், பின்னாளில் பேரரசனான கால்பாவின் பாட்டனாரிடம், உன் குடும்பத்துக்கு ஆட்சி வரும் என்று குறி சொன்னார்கள். கோவேறு கழுதை ஈனும்போது வரும் என்று அவர் சிரித்தார். பின்னாளில் ஒன்று ஈன்ற செய்தி வந்ததும், பேரன் அதையே நற்சகுனமாக எடுத்துக்கொண்டு அரியணைக்குப் புறப்பட்டதாக சூட்டோனியஸ் சொல்கிறார். இவற்றையெல்லாம் வரலாறாக ஏற்கத் தேவையில்லை. அரிஸ்டாட்டில் மட்டும் சகுனத்தை விட்டுவிட்டுக் காரணத்தைத் தேடினார். எம்பெடோக்ளஸ், டெமாக்ரிட்டஸ் இருவரும் சொன்ன விளக்கங்களை எடுத்து, அவை ஏன் போதா என்று வாதிட்டார். அவருடைய சொந்த விளக்கமும் இன்று நிற்காது. ஆனால் கேள்வியை இயற்கையின் கேள்வியாகக் கேட்ட பெருமை அவருக்கு உண்டு.

இன்று நம் வகுப்பறைகளில் சொல்லப்படும் விடை 1962-இல் கர்ட் பெனிர்ஷ்க்கேயும் அவருடன் இருந்தவர்களும் எண்ணித் தந்த கணக்கிலிருந்து வருவது. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. தாயிடமிருந்து 32, தந்தையிடமிருந்து 31 சேர்ந்து கோவேறு கழுதைக்கு 63. இனச்செல் உண்டாகும் குன்றல் பிரிவில் குரோமோசோம்கள் இரண்டிரண்டாக இணை சேர வேண்டும், 63 ஒற்றைப்படை எண், ஒன்று தனித்து நின்றுவிடும், ஆகவே மலடு. கேட்பதற்கு எளிது, தேர்வில் எழுதுவதற்கும் எளிது. ஆனால் இந்த விடை பாதிக்கும் குறைவான உண்மை.

எருமையைப் பாருங்கள். முர்ரா உள்ளிட்ட நம் நாட்டுப் பால் எருமைகள் ஆற்று எருமை வகை. அவற்றுக்கு 50 குரோமோசோம்கள். தென்கிழக்கு ஆசியாவிலும் சீனாவிலும் நெல்வயலில் உழும் சதுப்பு எருமைக்கு 48. பால் பெருக வேண்டும் என்று பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, சீனா ஆகிய நாடுகளில் முர்ராக் கிடாக்களைச் சதுப்பு எருமைகளோடு சேர்த்தார்கள். பிறந்த கன்றுகளுக்கு 49. ஒற்றைப்படைதான். அவற்றில் கிடாவும் சரி, பெட்டையும் சரி, இனம் பெருக்குகின்றன. கிடாக்களின் விந்தணு உற்பத்தியில் சற்றுக் குறை தென்படுவதுண்டு, அவ்வளவே. காரணம் நுண்ணோக்கியில் தெரியும். ஆற்று எருமையின் 4-ஆவது குரோமோசோமும் 9-ஆவது குரோமோசோமும் ஒட்டிக்கொண்டதுதான் சதுப்பு எருமையின் முதல் குரோமோசோம். கலப்புக் கன்றின் இனச்செல்லில் அந்த நீண்ட ஒன்றும் குட்டையான இரண்டும் மூன்றாகச் சேர்ந்து வரிசை பிடிக்கின்றன. எழுதப்பட்டிருப்பது ஒரே செய்தி என்பதால் எண்ணிக்கை வேறுபட்டாலும் இணை கிடைத்துவிடுகிறது. குதிரைக் குடும்பத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. மங்கோலியாவின் பிரெவால்ஸ்கி குதிரைக்கு 66 குரோமோசோம்கள். அதற்கும் வீட்டுக் குதிரைக்கும் பிறக்கும் குட்டிக்கு 65. அது மலடு அல்ல.

மறுபக்கம் லடாக்கில் இருக்கிறது. யாக்குக்கும் பசுமாட்டுக்கும் சமமாக 60 குரோமோசோம்கள். இரண்டுக்கும் பிறக்கும் ஸோ நல்ல உழவு மாடு. குளிரையும் உயரத்தையும் தாங்கும். எண்ணில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் ஆண் ஸோ மலடு. பெண்ணான ஸோமோ ஈனும், பாலும் தாராளமாகக் கொடுக்கும். அதன் கன்றுகளைத் தொடர்ந்து யாக்கோடோ மாட்டோடோ பல தலைமுறை சேர்த்த பிறகுதான் ஆண்களுக்கு வீரியம் திரும்புகிறது. 49 வளமாகவும் 60 மலடாகவும் இருக்கும்போது, 63 ஒற்றைப்படை என்பதையே காரணமாகச் சொல்லிக் கொண்டிருப்பது சரியாகாது.

அப்படியானால் கோவேறு கழுதைக்குள் நடப்பது என்ன? குதிரையும் கழுதையும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்து 40 லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. எருமையில் கண்டது போல ஓரிடத்தில் ஒட்டியதோடு இங்கே நிற்கவில்லை. குரோமோசோம்கள் பல இடங்களில் உடைந்தும் வேறு துண்டுகளோடு சேர்ந்தும் தலைகீழாகத் திரும்பியும் இருக்கின்றன. உடல் வளர்வதற்கு இது தடையில்லை. சாதாரணச் செல் பிரிவில் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னையே நகலெடுத்துப் பிரிகிறது; இணையைத் தேட வேண்டியதில்லை. அதனால்தான் கோவேறு கழுதைக்கு உறுதியான குளம்பும் நல்ல தசையும் நீண்ட ஆயுளும் அமைகின்றன. இணை தேடும் கட்டாயம் இனச்செல்லில் மட்டுமே வருகிறது, உடைவதும் அங்கேதான்.

பெண் குட்டி இன்னும் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. பாலூட்டிகளின் சினைப்பையில் முட்டைச் செல்கள் பெருகிக் குன்றல் பிரிவில் நுழைவது பிறப்பதற்கு முன்பே. கேம்பிரிட்ஜில் ரோஜர் ஷார்ட்டும் அவருடைய சகாவும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு, கோவேறு கழுதையின் கருவில் இந்தக் கட்டத்தில்தான் முட்டைச் செல்கள் கூட்டம் கூட்டமாக மடிகின்றன என்று காட்டியது. பிறக்கும்போது சினைப்பையில் மிகச் சிலவே மிஞ்சுகின்றன. ஆனால் சில மிஞ்சுகின்றன. அந்தச் சிலவற்றின் பலத்தில்தான் பல பெண் கோவேறு கழுதைகள் பருவத்துக்கு வருகின்றன, முட்டையும் வெளிப்படுகிறது. கருப்பையிலும் குறையில்லை. குதிரையின் கருவை எடுத்துக் கோவேறு கழுதையின் கருப்பையில் வைத்தபோது அது முழுக்காலம் சுமந்து குதிரைக் குட்டியை ஈன்றிருக்கிறது. அக்கினி எரித்தது கருப்பையை அல்ல என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆணின் நிலை இன்னும் கடினம். எடின்பரோவில் ஆன் சாண்ட்லி குழுவினர் 1974-இல் விரைச் செல்களை ஆராய்ந்து, குரோமோசோம்கள் இணை சேர முடியாமல் குன்றல் பிரிவின் நடுவிலேயே பெரும்பாலான செல்கள் நின்றுபோவதைப் பதிவு செய்தார்கள். எப்போதாவது ஒன்றிரண்டு விந்தணுக்கள் தென்படலாம். ஆனால் குட்டிக்குத் தந்தையானதாகச் சான்றோடு நிரூபிக்கப்பட்ட ஆண் கோவேறு கழுதை இதுவரை ஒன்றுகூட இல்லை. ஆண் ஹார்மோன் மட்டும் வழக்கம்போலச் சுரக்கிறது. அதனால்தான் வளர்ப்பவர்கள், எப்படியும் மலடுதானே என்று விடாமல், ஆண் குட்டிகளுக்குக் காயடித்துவிடுகிறார்கள். காயடிக்காத ஆண் முரட்டுத்தனமாகிக் கடிக்கும், உதைக்கும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை 1922-இலேயே ஜே. பி. எஸ். ஹால்டேன் ஒரு விதியாக வகுத்தார். கலப்பினத்தில் ஒரு பால் மட்டும் பிறக்காமலோ அரிதாகவோ மலடாகவோ இருந்தால், அது இரண்டு வேறு பால் குரோமோசோம்களைக் கொண்ட பாலாகவே இருக்கும். பாலூட்டிகளில் அது ஆண். பறவைகளிலும் வண்ணத்துப்பூச்சிகளிலும் பெண். ஸோவும் ஸோமோவும் இந்த விதிக்கு அப்படியே பொருந்துகின்றன. சிங்கம், புலிக் கலப்பும் பொருந்துகிறது. கொல்கத்தா அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையில் 1971-இல் பிறந்த ருத்ராணி ஆண் புலிக்கும் பெண் சிங்கத்துக்கும் பிறந்தவள். தேவவிரதன் என்ற ஆசியச் சிங்கத்தோடு சேர்ந்து அவள் குட்டிகள் ஈன்றாள். (இந்த வேடிக்கையை ஆய்வு என்று சொல்ல எனக்கு மனமில்லை. காட்டில் ஆசியச் சிங்கத்துக்குக் கிர் ஒன்றே புகலிடமாக இருந்த நாட்டில், ஒரு நல்ல ஆண் சிங்கத்தை இதற்குச் செலவிட்டிருக்கக் கூடாது.) விதியை வகுத்த ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரில் காலமானார்.

ஹால்டேன் விதி எது நடக்கும் என்று சொல்கிறது. ஏன் என்று சொல்லவில்லை. தனித்தனியே வளர்ந்த இரண்டு மரபணுத் தொகுதிகளில் ஒவ்வொன்றும் தன் வீட்டில் நன்றாக வேலை செய்யும், ஒரே உடலில் சந்திக்கும்போது ஒத்துப்போகாது என்பது பொதுவான விளக்கம். அப்படி ஒரு மரபணு கையில் அகப்பட்டது 2009-இல். பிராகில் இர்ஷி ஃபோரெய்ட்டின் குழு சுண்டெலிக் கலப்பில் ஆண் மலடாவதற்குப் பின்னால் பிஆர்டிஎம்9 என்ற மரபணு இருப்பதைக் கண்டது. குன்றல் பிரிவில் குரோமோசோம்கள் எந்தெந்த இடத்தில் வெட்டுண்டு துண்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று குறி வைப்பது இதன் வேலை. மிக வேகமாக மாறும் மரபணு என்பதால் இரண்டு இனங்கள் வைக்கும் குறிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகின்றன. குதிரைக் குடும்பத்திலும் இது இனத்துக்கு இனம் மாறுபடுவதை ரைடர் 2013-இல் தன் சகாவோடு எழுதிய கட்டுரையில் காட்டினார். கோவேறு கழுதையின் மலட்டுக்கு இதுவே காரணம் என்று இன்னும் உறுதியாகவில்லை. ஆயினும் எண்ணிக்கையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் தேடுவதே சரியான வழி.

ஈன்ற சில கோவேறு கழுதைகளிடம் திரும்புவோம், ஏனென்றால் ஆச்சரியம் அங்கேதான் இருக்கிறது. 1920-களில் டெக்சஸ் வேளாண் கல்லூரியில் ஓல்ட் பெக் என்ற பெண் கோவேறு கழுதை இருந்தது. ஆண் கழுதையோடு சேர்த்தபோது அது ஈன்ற பெண் குட்டி அப்பட்டமான கோவேறு கழுதை. பொலிகுதிரையோடு சேர்த்தபோது ஈன்ற ஆண் குட்டி அப்பட்டமான குதிரை. காதும் வாலும் குதிரைக்கே உரியவை. வளர்ந்தபின் பெட்டைக் குதிரைகளுக்குக் குட்டிகளும் தந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்குத்தான் வர முடியும். ஓல்ட் பெக்கின் முட்டையில் இருந்தது முழுக்க அதன் தாயான குதிரையின் மரபு. தந்தையான கழுதையின் பங்கு சுவடில்லாமல் கழிக்கப்பட்டிருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு க்ராஸின் குட்டியிலும் இதையேதான் ரைடர் கண்டார்.

தற்செயலாக இப்படி அமைய எவ்வளவு வாய்ப்பு? 32 குதிரைக் குரோமோசோம்களும் நாணயம் சுண்டுவது போலத் தனித்தனியே பக்கம் தேர்ந்தால், அத்தனையும் ஒரே முட்டையில் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 429 கோடியில் ஒன்று. பிறக்கும்போதே சில முட்டைகள்தாம் உள்ள ஒரு விலங்கில், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை, இது வெறும் தற்செயலாக நடக்காது. குதிரைக் குரோமோசோம்கள் ஏதோ ஒரு வகையில் கூட்டமாகவே நகர்ந்திருக்க வேண்டும். ஐரோப்பாவின் குளங்களில் வாழும் உண்ணத்தக்க தவளை என்ற கலப்பினம் இந்த வேலையை அன்றாடம் செய்கிறது. இனச்செல் உருவாகும் முன்பே ஒரு பெற்றோரின் குரோமோசோம்களை முழுவதும் கழித்துவிட்டு, மற்றதை மட்டும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறது. போலந்து அறிஞர் லெஷெக் பெர்கர் 1960-களில் தொடங்கிய கலப்புச் சோதனைகள் வழியாக இது தெரியவந்தது. தவளைக்கு வழக்கமாகிவிட்ட ஒன்று, கோவேறு கழுதையில் விதிவிலக்காக எட்டிப் பார்க்கிறது போலும்.

ஆனால் இதையும் விதியாக்கிவிட முடியாது. சீனாவில் 1981-இல், பொலிகுதிரைக்கும் பெண் கழுதைக்கும் பிறந்த எதிர்க்கலப்புப் பெண் விலங்கு ஒன்று, ஆண் கழுதையோடு சேர்ந்து பெண் குட்டி ஈன்றது. டிராகன் குட்டி என்று அழைக்கப்பட்ட அதன் செல்களில், தாய்வழியே குதிரையின் குரோமோசோம்களும் கழுதையின் குரோமோசோம்களும் கலந்தே வந்திருந்தன. ரோங் ருய்ஜாங்கும் அவருடைய குழுவினரும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, கலந்த முட்டையும் சில வேளை பிழைக்கிறது.

குன்றல் பிரிவையே சுற்றிக்கொண்டு போன வழியும் ஒன்று உண்டு. 2003 மே 4 அன்று ஐடஹோ பல்கலைக்கழகத்தில் பிறந்த ஐடஹோ ஜெம், குதிரைக் குடும்பத்தில் முதல் குளோன். பந்தயத்தில் வென்ற ஒரு கோவேறு கழுதையின் உடன்பிறப்பாக வளர்ந்த கருவிலிருந்து செல்லை எடுத்து, குதிரையின் முட்டையில் வைத்து, பெட்டைக் குதிரையின் வயிற்றில் வளர்த்தார்கள். அது வளர்ந்து பந்தயத்திலும் ஓடியது. மலட்டு விலங்கின் நகல் முழு ஆரோக்கியத்தோடு பிறந்தது, குறை உடலில் இல்லை என்பதை இன்னொரு வகையில் காட்டியது.

கலப்பின மலடு ஏதோ கழுதைக்கும் குதிரைக்கும் உள்ள சங்கதி என்று ஒதுக்கவும் வழியில்லை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பரவிய மனிதர்களின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 2 விழுக்காடு நியாண்டர்தாலுடையது என்று 2010 முதல் தெரியும். இதைப் படிக்கும் பெரும்பாலோரின் செல்களிலும் அது இருக்கிறது. 2014-இல் அந்தத் துண்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடம் போட்டபோது, எக்ஸ் குரோமோசோமிலும், விரையில் மிகுதியாக வேலை செய்யும் மரபணுக்களின் அருகிலும் அவை மிகக் குறைவாக இருந்தன. அந்தக் கலப்பில் பிறந்த ஆண்களுக்கு வீரியக் குறைவு இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். லடாக்கின் ஸோவிடம் இன்று நாம் பார்க்கும் அதே வகைக் குறை.

இனி இரண்டு வேண்டுகோள்கள். ஆசிரியர்கள் "63 ஒற்றைப்படை, ஆகவே மலடு" என்று சொல்லித் தருவதை நிறுத்தி, பக்கத்திலேயே எருமையின் 49-ஐயும் ஸோவின் 60-ஐயும் கரும்பலகையில் எழுதுங்கள்; மாணவர்களே மீதியைக் கேட்பார்கள். இரண்டாவது, கால்நடை மருத்துவர்களுக்கு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எஞ்சியிருந்த கோவேறு கழுதைகள் சுமார் 84 ஆயிரம், 2012-இல் இருந்ததில் பாதிகூட இல்லை. உத்தராகண்டின் யாத்திரைப் பாதையிலோ இமாச்சலத்துச் செங்கல் சூளையிலோ ஒரு பெண் கோவேறு கழுதை ஈன்றதாகத் தகவல் வந்தால் சிரித்துத் தள்ளாதீர்கள். நஞ்சுக்கொடியைப் புதைக்கும் முன் எடுத்து வையுங்கள். தாய், குட்டி, சுற்றுவட்டாரத்தில் உள்ள ஆண் கழுதை, பொலிகுதிரை, அண்மையில் ஈன்ற பெட்டைக் குதிரை என எல்லாவற்றின் ரத்த மாதிரியையும் எடுத்து ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு அன்றே அனுப்புங்கள்.